குனியும் வண்டி... நிமிரும் வண்டி!

பெரம்பலூர் நான்கு ரோட்டுல ஓர் அரை மணி நேரம் சும்மா நில்லுங்க. ஒரே ஒரு கண்டிஷன்... செல்போன் பாக்கெட்லதான் இருக்கணும். போற வர்ற பிக்கப் வண்டிகளைப் பக்கவாட்டுல பாருங்க. எந்தக் கம்பெனி, டிரைவர் சீட்டுக்கு மேல எந்தச் சாமி படம், எதுவும் வேணாம். பின் சக்கரத்துக்கும் அதுக்கு மேல இருக்கிற பாடிக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு மட்டும் கவனிங்க.

அரியலூர் பக்கம் காலியா போற வண்டி, பின்பக்கம் தூக்கிக்கிட்டு, மூக்கைக் கீழே குத்திக்கிட்டு, முட்டப் போற ஆட்டுக்கிடா மாதிரி போகும். அதே வண்டி சாயங்காலம் திரும்பி வரும்போது நேரா, சமமா வரும். சிலது பின்னாடி உட்கார்ந்து, மூக்கை வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கிட்டு வரும். அந்த மூணாவது ரகத்தைப் பார்த்தா மட்டும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க பாஸ். ஏன்னு போகப் போகச் சொல்றேன்.

நம்ம ஹாஸ்டல்ல ஒரு கோஷ்டி ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அமெரிக்க பிக்கப் வீடியோவா பார்க்கும். அதுல 'லெவலிங் கிட்'னு ஒண்ணு வரும். அந்த ஊர் பிக்கப்பும் கம்பெனியில இருந்து வரும்போதே பின்பக்கம் ஓரிரு அங்குலம் உயரமாத்தான் இருக்கும். லோடு ஏறினதும் பின்பக்கம் இறங்கி வண்டி சமமாகட்டும்னு வெச்ச உயரம் அது. ஆனா அங்கே பல பேர் லோடே ஏத்துறது இல்லை. ஆபீஸுக்கும் கடைக்கும் போய் வர்றாங்க. அப்புறம் வண்டி எப்பவும் குனிஞ்சே நிக்குதேன்னு வருத்தம்! அதனால முன்பக்க ஸ்பிரிங் மேல ஒரு வட்டமான இரும்புக் கட்டையைச் சொருகி முன்பக்கத்தைத் தூக்கிடறாங்க. அதுதான் லெவலிங் கிட். சஸ்பென்ஷன் கையின் நெம்புகோல் கணக்குப்படி, ஓர் அங்குலக் கட்டை வெச்சா வண்டி கிட்டத்தட்ட ரெண்டு அங்குலம் ஏறுற டிசைன்களும் உண்டு. வெச்சு முடிச்சதும் வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் ரெண்டையும் திரும்பச் சரி பண்ணணும். பண்ணலைன்னா டயர் ஒரு ஓரமாவே தேயும், எதிர்ல வர்றவருக்குக் கண் கூசும்.

இங்கே 2016ல இசுஸு வி-கிராஸ், 2022ல டொயோட்டா ஹைலக்ஸ் வந்த பிறகு நம்ம ஊர்லயும் சில பேர் இதைப் பண்றாங்க. ஆனா பெரம்பலூர்ல நான் பார்த்த கதை அப்படியே உல்ட்டா. இங்கே யாரும் முன்பக்கத்தைத் தூக்கறதில்லை. தூக்குறது எல்லாம் பின்பக்கம்தான். அழகுக்காகவும் இல்லை, பொழப்புக்காக!

பைபாஸ் ஓரமா நடந்தா கமான் பட்டை வேலை செய்யற பட்டறைகள் கண்ணுல படும். கமான் பட்டைன்னா லாரி, பிக்கப் அடியில ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா அடுக்கி, வளைஞ்சு இருக்குமே, அந்த இரும்புப் பட்டைகள். நம்ம மெஷின் டிசைன் புத்தகத்துல 'லீஃப் ஸ்பிரிங்'னு வரும். 'கமான்'ங்கறது பாரசீகச் சொல், அர்த்தம் வில். அதுக்கு முன்னாடியே நம்ம தாத்தாக்கள், பட்டை ஸ்பிரிங் வெச்சு ஆள் போற மாட்டு வண்டிக்கு 'வில்வண்டி'ன்னு பேர் வெச்சிருந்தாங்க. ரெண்டு மொழிக்காரங்களும் அந்த இரும்பைப் பார்த்துட்டு ஒரே பொருளைத்தான் நினைச்சிருக்காங்க!

நான் போன பட்டறையில ஒரு பிக்கப் ஜாக்கியில ஏறி நின்னுச்சு. வண்டிக்காரர் முப்பது வயசு இருக்கும். சொந்த வண்டி, டியூ ஓடிக்கிட்டு இருக்கு. சீசன்ல சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி. மத்த நாள்ல அரியலூர்ல இருந்து சிமென்ட். அவருக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு பட்டை கூடுதலா போடணும். மேஸ்திரி ஒண்ணுதான் போடுவேன்னு நின்னார்.

"ரெண்டு போட்டா காலி வண்டியில உன் முதுகெலும்பு எகிறிடும்டா... ஒண்ணு போதும்."

"மேஸ்திரி, லோடு ஏறினா ரப்பர்ல இடிக்குது மேஸ்திரி."

"ரப்பர் இடிக்குதுன்னா பட்டை போடணும்னு அர்த்தமில்ல. நீ மூட்டையைக் குறைக்கணும்னு அர்த்தம்!"

ரப்பர்னு அவங்க சொன்னது, ஆக்ஸிலும் சேசிஸும் மோதாம நடுவுல இருக்கிற தடுப்பு ரப்பர். அது அடிக்கடி இடிக்குதுன்னா ஸ்பிரிங் தன்னால முடிஞ்ச வரைக்கும் வளைஞ்சாச்சுன்னு அர்த்தம். கடைசியில ஒரு பட்டைன்னு பேரம் முடிஞ்சது.

வேலையைச் சொல்றேன், கேளுங்க. முன் சக்கரத்துக்குக் கல் வெச்சாச்சு. சேசிஸைத் தூக்கி ஸ்டாண்ட் கொடுத்து ஆக்ஸிலைத் தொங்க விட்டாச்சு. யு போல்ட்டுல டீசல் ஊத்தி ஊற விட்டு, நட்டைக் கழட்டினாங்க. அடுத்ததுதான் டேஞ்சரான இடம். பட்டைகளோட நடுவுல எல்லாத்தையும் கோத்து ஒரு சென்டர் போல்ட் இருக்கும். அதைச் சும்மா கழட்டினா, அழுத்திக் கட்டி வெச்ச பட்டைகள் 'டணார்'னு விரியும். அதனால முதல்ல கிளாம்ப் போட்டு இறுக்கிட்டுத்தான் போல்ட்டைத் தொடறாங்க. புதுப் பட்டையை அதோட வரிசையில வெச்சு, நீளமான சென்டர் போல்ட் போட்டு, புது யு போல்ட் மாட்டினாங்க. பழைய யு போல்ட் ஒரு தடவை இழுபட்டது, திரும்பப் போட்டா நம்ப முடியாதுங்கறார் மேஸ்திரி. வண்டியைத் தரையில இறக்கி எடை ஏறின பிறகுதான் கடைசி டைட்.

இப்போ கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, அரியர் வைக்கிற அளவுக்கு இல்லை! பட்டை ஸ்பிரிங்கோட விறைப்பு, பட்டைகளோட எண்ணிக்கைக்கு நேர் விகிதம். ஒரே மாதிரி 7 பட்டை இருந்த இடத்துல 8 ஆனா விறைப்பு ஏழுல ஒரு பங்கு, அதாவது சுமார் 14 சதவிகிதம் கூடும். முன்னாடி ஒரு லோடுக்கு 8 சென்டிமீட்டர் இறங்கின வண்டி இப்போ 7 சென்டிமீட்டர் இறங்கும். அவ்வளவுதானான்னு தோணுதா? ஆனா கனம் வேற விஷயம். விறைப்பு கனத்தோட மும்மடிக்கு நேர் விகிதம். 8 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதிலா 10 மில்லிமீட்டர் போட்டா அந்த ஒரு பட்டை கிட்டத்தட்ட ரெண்டு பட்டைக்குச் சமம். மேஸ்திரி இந்த ஃபார்முலாவைப் படிச்சதில்லை. ஆனா வண்டிக்காரர் மூலையில கிடந்த லாரிப் பட்டையைக் காட்டி "அதைப் போடுங்களேன்"னு கேட்டப்போ, "அது கல்லு மாதிரிடா... மத்த பட்டையை முறிச்சிடும்"னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டார். நான் ஒரு செமஸ்டர் முழுக்கப் படிச்சதை அவர் அந்த மூலையைப் பார்த்தே சொல்லிட்டார்!

வேலை முடிஞ்சு வண்டி அரியலூர் கிளம்பினப்போ நானும் தொத்திக்கிட்டேன். ரெண்டு ஊருக்கும் நடுவுல சுமார் 30 கிலோமீட்டர். பெரம்பலூர்ல இருந்து அரியலூர் வழியா தஞ்சாவூர் போற தேசிய நெடுஞ்சாலை 136. மெயின் ரோடு பரவாயில்லை. ஊருக்குள்ள பிரியற ரோடுகள்லதான் விளையாட்டே இருக்கு. இந்தப் பக்கம் நிறைய கரிசல் மண். மழையில ஊறி உப்பும், வெயில்ல சுருங்கி வெடிக்கும். மேல போட்ட தார் ரோடும் கூடவே உப்பிச் சுருங்கி அலை அலையா நிக்கும். காலி வண்டியில புதுப் பட்டையோட அந்த அலைகள்ல போறது எப்படி இருக்கும்னு கேக்கறீங்களா? மதியம் சாப்பிட்ட பரோட்டா எந்த இடத்துல இருக்குன்னு துல்லியமா சொல்லிடலாம்!

இந்த 30 கிலோமீட்டர்ல நிலமே மாறுது. பெரம்பலூருக்கு மேற்கே பழைய, கெட்டியான பாறை. கிழக்கே வர வர ஒரு காலத்துல கடல் கிடந்த தரை. கிரெட்டேசியஸ் காலம், டைனோசர் உலாவின காலம். காரைப் பக்கம் போனா கத்தியால கீறின மாதிரி செம்மண் ஓடைகள், அதுல கடல் உயிர்களோட புதைபடிவங்கள். சாத்தனூர்ல சுமார் 12 கோடி வருஷத்துக்கு முந்தின மரம் ஒண்ணு, 18 மீட்டருக்குக் கல்லா மாறிப் படுத்துக் கிடக்கு. புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் 1940ல அதை வெளியுலகுக்குச் சொன்னார். கூட்டமே இல்லாத இடம். போனா பாருங்க, கல்லைப் பையில போட்டுக்கிட்டு மட்டும் வராதீங்க.

அந்தக் கடல்ல செத்த சிப்பியும் சங்கும்தான் சுண்ணாம்புக்கல். சுண்ணாம்புக்கல்தான் சிமென்ட். அரசோட சிமென்ட் ஆலை அரியலூர்ல 1979ல வந்தது. அதுக்கப்புறம் ராம்கோ, அல்ட்ராடெக், டால்மியா, செட்டிநாடுன்னு வரிசையா வந்தாச்சு. ஒரு டன் கிளிங்கர் தயாரிக்க சுமார் ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் வேணும். அத்தனையும் சக்கரத்து மேலயோ தண்டவாளத்து மேலயோ நகரணும். இந்த ஊர் ரோட்டுல டிப்பர் லாரி ஏன் இவ்வளவுன்னு இப்போ புரியுதா?

பெரம்பலூர் லோடும் அரியலூர் லோடும் வேற வேற ஜாதி, கவனிச்சீங்களா? பருத்தி ஏத்தின வண்டி கோயில் தேர் மாதிரி அசைஞ்சு வரும். பார்க்கறவன் பதறுவான். ஆனா கனம் கம்மி, அதுல பயம் சாயுறதுதான். சிமென்ட் நேர் எதிர். எட்டரை அடி நீளம், அஞ்சரை அடி அகலம் தொட்டி இருக்கிற ஒன்றரை டன் வண்டியை எடுத்துக்குங்க. ஒரு மூட்டை 50 கிலோ. 30 மூட்டை ஏறினாலே ஒன்றரை டன், கதை முடிஞ்சது. ஆனா பரப்பி அடுக்கினா மூணு அடுக்குகூட முழுசா வராது. முழங்கால் உயரம்தான்! மேல முழுக்கக் காலி இடம். 'இன்னும் பத்து மூட்டை வைக்கலாமே'ன்னு கண்ணு சொல்லும், மனசு சொல்லும், கடைக்காரரும் சொல்வார். 'போதும்'னு சொல்ற ஒரே ஆள் அடியில இருக்கிற பட்டை. எக்ஸ்ட்ரா பட்டை போடுறது அந்த ஒரே ஆளோட வாயையும் அடைக்கிற வேலை.

ஏன்னா, பட்டை ஒண்ணு கூடினதும் வண்டியோட மத்தது எதுவும் வளரலை. டயர் அதே டயர். ஆக்ஸில், வீல் பேரிங், சேசிஸ் அதேதான். பிரேக்கும் அதே பிரேக். எடை 20 சதவிகிதம் கூடினா, அதே வேகத்துல நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய சக்தியும் 20 சதவிகிதம் கூடும்.

இன்னொண்ணு இருக்கு. இதை மெக்கானிக்கல் பசங்க உட்பட நிறைய பேர் கவனிக்கிறதில்லை. பல பிக்கப்கள்ல பின் ஆக்ஸிலுக்குப் பக்கத்துல சேசிஸ்ல ஒரு வால்வு இருக்கும். அதுல இருந்து ஒரு சின்னக் கம்பி ஆக்ஸிலுக்குப் போகும். லோடு சென்ஸிங் வால்வு. லோடு ஏறி பாடி ஆக்ஸிலை நெருங்கினா, 'ஓகே, வண்டி கனமா இருக்கு'ன்னு புரிஞ்சுக்கிட்டு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும். காலியா இருந்தா குறைச்சுக் கொடுக்கும், இல்லைன்னா பின் சக்கரம் லாக் ஆகி வண்டி சுத்திடும். அதுக்குத் தராசும் கிடையாது, கண்ணும் கிடையாது. தெரியறதெல்லாம் உயரம் மட்டும்தான்.

இப்போ பட்டையைக் கூட்டி, லோடு ஏறினாலும் இறங்காத மாதிரி பண்ணிட்டீங்க. வால்வு என்ன நினைக்கும்? 'அட, காலி வண்டி!' ரெண்டு டன் முதுகுல இருக்கும்போது பின் பிரேக்குக்கு அரை டன்னுக்கான அழுத்தம் போகும். முன் பிரேக் மட்டும் தனியா மல்லுக்கட்டும். வண்டி நிக்க வேண்டிய இடத்தைத் தாண்டி நிக்கும். அந்த இடத்துல யார் ரோட்டைக் கிராஸ் பண்றாங்கங்கறதுதான் மீதிக் கதை.

நம்ம வண்டிக்காரரோட வண்டியில அந்தக் கம்பி ஏற்கெனவே கழண்டு, ஒரு கட்டுக்கம்பியால சேசிஸோட சேர்த்துக் கட்டியிருந்தது. எப்போ, எந்த ஊர்ல, யார் கட்டினதுன்னு அவருக்கே ஞாபகம் இல்லை. பட்டறையில நான் குனிஞ்சு பார்த்துக் கேட்டதும், மேஸ்திரி ஒண்ணும் பேசலை. கட்டுக்கம்பியை வெட்டி எறிஞ்சார். புதுக் கிளிப் வாங்கிட்டு வரச் சொல்லி, கம்பியை மாட்டி, புதுப் பட்டையோட உயரத்துக்கு ஏத்த மாதிரி அதோட நீளத்தையும் திரும்ப அட்ஜஸ்ட் பண்ணினார். அதுக்குத் தனியா காசும் வாங்கலை. "தம்பி, இது பட்டையைவிட முக்கியம். ஆனா இதுக்குன்னு யாரும் வண்டி கொண்டாந்து விடறதில்ல"ன்னார்.

சட்டம் என்ன சொல்லுதுன்னா... மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்திச்சு. ஆர்.சி. புக்ல இருக்கிற எடையைத் தாண்டினா, அதே 2019ல திருத்தின சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதலா இருக்கிற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. முறிஞ்ச பட்டையை, தொய்ஞ்ச பட்டையை அதே அளவுல மாத்தறது தப்பில்லை, மாத்தியே ஆகணும். கூட்டறதுதான் பிரச்னை. நம்ம வண்டிக்காரர் பண்ணினதும் கூட்டறதுதான். என்னைக் கேட்டா, வேண்டாத வேலை. ஆனா அவரோட கணக்கு என்னோடது இல்லை. 2005ல டாடா ஏஸ், அதாவது நம்ம குட்டி யானை, ரோட்டுக்கு வந்ததுல இருந்து ஒரு வண்டி வெச்சுப் பொழைக்கிறவங்க எண்ணிக்கை ஊர் ஊரா பெருகிடுச்சு. அஞ்சு பேர் நிக்கிற ஸ்டாண்ட்ல, 'நாலு மூட்டை கூட ஏத்துவியா?'ன்னு கேட்டு, ஏத்துறவனைத்தான் கூப்பிடறாங்க.

அரியலூர்ல லோடு ஏறினது சாயங்காலம் ஆறு மணி. 30 மூட்டை. பெரம்பலூர் பக்கத்துல ஒரு கிராமத்துல கட்டற வீட்டுக்கு. கடைக்காரர் 36 கேட்டார். நம்மாளு முடியாதுன்னுட்டார். எடை மேடையில ஏத்திப் பார்த்தா, சீட்டுல ஆர்.சி. எடையைவிட 110 கிலோ கூட! 30 மூட்டை கரெக்ட்டாத்தானே இருக்கு? யோசிச்சுப் பார்த்தோம். சொந்தக் காசுல வெல்டு பண்ணின இரும்பு கேரியர், தார்ப்பாய், கயிறு, டூல்ஸ் பெட்டி, ரெண்டு புதுப் பட்டை, அதுபோக 58 கிலோ இலவச இணைப்பா நான்!

"அப்போ கணக்குப்படி 27 மூட்டைதானாண்ணே"ன்னேன்.

"உன்னை இறக்கி விட்டா 28"னு சிரிச்சார். ஆனா சீட்டை மடிச்சுப் பாக்கெட்ல வெச்சுக்கிட்டார், கிழிச்சுப் போடலை. மூட்டை எதுவும் இறங்கவும் இல்லை.

வண்டியைச் சுத்தி வந்து பின் சக்கரத்துக்கு மேல கையை வெச்சு அளந்து பார்த்தார். காலையில காலியா நின்னப்போ ஒரு சாண். இப்போ எட்டு விரல். முன்னும் பின்னும் ஒரே மட்டம். இன்னைக்கு முழுக்க அந்த வண்டி நேரா நின்னது அப்போதான். குனிஞ்சு வால்வுக் கம்பியை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். யு போல்ட் நட்டையும் தட்டிப் பார்த்தார். அடுத்த வாரம் திரும்ப வந்து டைட் வெச்சுட்டுப் போகணும்ங்கறது மேஸ்திரியோட ஆர்டர்.

இருட்டினதும் கிளம்பினோம். டேஷ்போர்டுல ஸ்டியரிங்குக்குப் பக்கத்துல ஒரு சின்னத் திருகு இருக்கும், பூஜ்யம், 1, 2, 3னு நம்பர் போட்டு. உங்க வீட்டுக் கார்லயும் இருக்கலாம், தேடிப் பாருங்க. லோடு ஏறி மூக்கு தூக்கினா ஹெட்லைட் வெளிச்சமும் எதிர்ல வர்றவங்க கண்ணுக்குத் தூக்கும். அதை இறக்குறதுக்குத்தான் அந்தத் திருகு. அவர் அதை 2ல வெச்சார். வெளிச்சம் மரத்துல இருந்து கீழ இறங்கி ரோட்டுல படிஞ்சது. எதிர்ல ஒரு பைக், பின்னாடி ஒரு அம்மா, மடியில ஒரு குழந்தை. கண்ணைச் சுருக்காம, கையை மறைக்காம எங்களைத் தாண்டிப் போனாங்க.